மேற்குச் சுவரில் ஒரு வாசல்

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். ஓய்வு பெற்ற ஆர்க்கிடெக்ட்டுக்கு மிச்சமிருக்கும் வேலை இதுதான் போலிருக்கிறது. கம்பி கட்டுவதைப் பற்றியோ அனுமதி வாங்குவதைப் பற்றியோ எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் சொல்லித் தரும். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஒரே தப்பை இரண்டு தடவை செய்தேன்.

இந்தப் பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் என்றால் யாருக்கும் விளங்காது. வீடு கட்டுகிறவன், பாலம் கட்டுகிறவன், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் எல்லாரும் இன்ஜினியர்தான். விருதுநகர் கடைத்தெருவில் பருப்பு வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. நான் கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றதும் என் வாப்பா, அஞ்சு வருஷம் படித்துவிட்டுக் கொத்தனாராக வரப்போகிறாயா என்று கேட்டார். படித்து முடித்து வந்ததும் ஊர் எனக்கு 'இன்ஜினியர் பாய்' என்று பெயர் வைத்தது. கடைசி வரைக்கும் அந்தப் பெயரில்தான் பிழைத்தேன்.

சிவகாசியைச் சுற்றி நீங்கள் இன்று பார்க்கிற புதுப் பகுதிகளில் பாதி நான் போட்ட கோடு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். காலண்டர் கம்பெனிகளின் கட்டடங்கள், கல்யாண மண்டபங்கள், பள்ளிக்கூடம், தெருக்கள் என்று என்னென்னவோ வரைந்தேன். ஆனால் அதிகம் வரைந்தது பயராபீஸ். பட்டாசு ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளி நிற்கிற சின்னச் சின்ன ரூம்கள் அவை. ஒரு ரூம் வெடித்தால் அடுத்த ரூம் தப்ப வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. வெடிமருந்து செலுத்துகிற ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு சுவரிலும் வாசல் வைப்போம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் ஓடிவந்து மோதினாலே திறந்துகொள்ள வேண்டும். இதில் ஆர்க்கிடெக்ட்டுக்கு என்ன வேலை? வாசலுக்கும் வாசலுக்கும் நடுவே கொஞ்சம் சுவர் வரைய வேண்டும், அவ்வளவுதான். வரைந்து வரைந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த அலுப்பில் இருந்தபோது ரிசார்ட் வேலை வந்தது. அதுதான் என் கடைசி வேலை.

முதலாளிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அவருடைய தாத்தாவும் என் வாப்பாவும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள். அந்தப் பழக்கத்தில் என்னை மாமா என்று கூப்பிடுவார். வெம்பக்கோட்டை அணைக்கரையில் நிலம் வாங்கியிருந்தார். அங்கே வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதற்குப் பதினாலு குடில்களும், பெரிய சாப்பாட்டு ஹாலுமாக ஒரு சின்ன ஊரையே அமைக்க வேண்டும் என்றார். கந்தக பூமியில் வெயில் காய யார் வரப்போகிறார்கள் என்று ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நிலம் அணையின் கிழக்குக் கரையில் இருந்தது. நல்ல மழை பெய்த வருஷத்தில் அங்கே நின்று பார்த்தால் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவது தெரியும். அதைப் பார்ப்பதற்கு மதுரையிலிருந்து நிச்சயம் ஆள் வரும் என்று சொன்னேன்.

அந்த நிலத்தில் முன்பு ஒரு பயராபீஸ் இருந்தது. அதற்கும் பிளான் போட்டவன் நான்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ரூம் வெடித்து மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். விசாரணை நடந்தது. பிளானில் குறை எதுவும் இல்லை என்று எழுதினார்கள், அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஆலையை மூடிவிட்டார்கள். சீமைக்கருவேலம் மண்டி, எந்த ரூம் எங்கே இருந்தது என்று அடையாளம் தெரியாமல் போய்விட்டது. மாமாவுக்கு அங்கே வேலை செய்ய மனச்சங்கடம் ஏதும் உண்டா என்று முதலாளி கேட்டார். இல்லை என்றேன். அந்த இடத்தில் வேறு ஏதாவது நிற்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசையாகவே இருந்தது.

சாப்பாட்டு ஹாலை, தண்ணீர் நன்றாகத் தெரிகிற மேட்டில் வைத்தேன். கிழக்கே பெரிய வாசல், வடக்கே அடுப்படிக்கு ஒரு வாசல். மேற்கே சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரைக்கும் அசையாத கண்ணாடி, நடுவில் ஒரு சட்டம்கூட இல்லை. விதிப்படி இரண்டு வழி இருந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் நாலு வாசல் ரூம் வரைந்தவன், வாசலே இல்லாத ஒரு பக்கத்தை ஆசைதீர வரைந்தேன். கண்ணாடி மாட்டிய அன்று சாயங்காலம் அதன் முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேலைக்கு எம். புதுப்பட்டியிலிருந்து நாற்பது பெண்களை முதலாளி எடுத்தார். சமையல், பரிமாறுதல், குடில்களைச் சுத்தம் செய்தல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எல்லாரும் பயராபீஸில் மருந்து செலுத்தியவர்கள், திரி வைத்தவர்கள். தீபாவளி சீசனை நம்பாமல் வருஷம் முழுக்க வேலை, அதிலும் உயிருக்குப் பயமில்லாத வேலை என்று நம்பி, பழைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைமையாக இருந்தவர் பேச்சியம்மாள், ஐம்பது வயதை ஒட்டியவர். பழைய ஆலையில் அவரைப் பார்த்திருக்கிறேன். அவரும் என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். நலம் விசாரித்தோம். அந்த ஆலையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, உச்சி வேளையில் ஒரு வெள்ளோட்டச் சாப்பாடு வைத்தார் முதலாளி. நாற்பது பெண்களும் விருந்தாளிகளைப்போல உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சமையலுக்கு வெளியாட்கள் இருவர் இருப்பார்கள் என்று ஏற்பாடு. நல்ல மனுஷன் அவர். நாளை பரிமாறப்போகிறவர்கள் இன்று ஒரு நாள் பரிமாறப்படட்டும் என்று நினைத்தார்.

செருப்பை வெளியே விடும்படி யாரும் சொல்லவில்லை. நாற்பது பேரும் விட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே வரும்போது வாசலின் இரும்புப் பிடியில் உள்ளங்கையை வைத்து, ஒரு கணம் நின்று, பிறகு காலெடுத்து வைத்தார்கள். ஹாலில் இருபத்து நாலு மேஜை. அவர்கள் கிழக்கு வாசலை ஒட்டி ஐந்து மேஜை, அடுப்படி வாசலை ஒட்டி ஐந்து மேஜை என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். மேஜைக்குச் சரியாக நாலு பேர். நடுவில் இருந்த மேஜைகளும் கண்ணாடிப் பக்கத்து மேஜைகளும் காலியாகக் கிடந்தன. தண்ணீர் இருக்கும் திசையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூச்சப்படுகிறார்கள் மாமா என்று முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னவோ சரியாக இல்லை என்று மட்டும் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சத்தம் என்று புரிந்தது. நாற்பது பெண்கள் பந்தியில் உட்கார்ந்தால் மண்டபம் இரண்டுபட்டுப் போகும். இங்கே ஏசி ஓடுகிற ஓசை மட்டும்தான் இருந்தது. நாற்காலியை யாரும் இழுக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, பூப்போல வைத்து, உட்கார்ந்தார்கள். தட்டைத் தள்ளவில்லை, எடுத்து வைத்தார்கள். டம்ளர்கூட மேஜையில் உரசவில்லை. மருந்து ரூமுக்குள் போகும்போது இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்க வேண்டும், உள்ளே எதையும் தரையில் இழுக்கக் கூடாது, உரசினால் பொறி. அவர்களுக்கு அது விதி என்றே நினைவிருக்காது, கை தானாகச் செய்யும். இப்படி உட்காருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் என்னுடைய ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை, மருந்து ரூமில் இருந்தார்கள்.

அப்போது அடுப்படியில் யாரோ ஒரு கரண்டியைத் தவறவிட்டார்கள்.

சத்தம் கேட்டு நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தபோது மேஜைகளில் ஆள் இல்லை. ஒரு கத்தல் கிடையாது, ஒரு நாற்காலி விழவில்லை. பாதி சாப்பிட்ட தட்டுகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்பது பேரும் வெளியே வெயிலில், ஹாலைவிட்டுத் தள்ளிப்போய் நின்றிருந்தார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் உள்ளே இருந்தார். அடுப்படி வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அந்த வாசலை விட்டுவிட்டு, காலி மேஜைகளுக்கு நடுவே குறுக்கே ஓடி, மேற்குக் கண்ணாடிக்குப் போயிருந்தார். இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கதவைத் தள்ளுவதுபோலத் தோளைக் கொடுத்துத் தள்ளினார், கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் தள்ளினார். நாங்கள் இரண்டு ஆண்கள் பார்த்தபடி நின்றோம். பிறகு அவருக்கு நினைவு திரும்பியது. கண்ணாடியில் பதிந்த கைத்தடங்களை முந்தானையால் துடைத்தார்.

"பாய், ஒங்ககிட்டத் தனியாப் பேசணும்" என்றார்.

ஹாலுக்குப் பின்னால் நிழலில் நின்றோம். இந்த ஹாலில் தன்னால் வேலை பார்க்க முடியாது, தான் மட்டுமில்லை, நாற்பது பேராலும் முடியாது என்றார். குடில்களுக்குள் போகவும் பெண்கள் பயப்படுகிறார்கள், ஒரே வாசல் இருக்கிற ரூமில் குனிந்து தரை துடைக்க முதுகு கூசுகிறது என்றார். இதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையாம். நான் சமாதானமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். இங்கே மருந்து கிடையாது, பயப்பட ஒன்றுமில்லை என்கிற மாதிரி. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது எந்த இடம்னு தெரிஞ்சுதான் கட்டுனீகளா?"

பழைய ஆலை இங்கேதான் எங்கோ இருந்தது என்றேன்.

"எங்கனயோ இல்ல. அந்தா அணைக்கட்டு ஷட்டர் தெரியுதுல்ல, இந்தா இந்தப் பாறை. இது ரெண்டுக்கும் நேரா, அன்னைக்கு வெடிச்ச ஏழாம் நம்பர் ரூம். அந்த ரூமு மேலதான் நாங்க இப்பம் சாப்பிட்டது."

நான் அந்தப் பாறையைத் திரும்பிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"மேலவாசல அடைக்கச் சொன்னது நாந்தான் பாய். பொழுசாய மூஞ்சியில வெயிலு அடிக்குன்னு சொன்னேன். நீங்க அன்னைக்குச் சுத்திப் பாக்க வந்திருந்தீக. ஒங்ககிட்டத்தான் கேட்டேன். மூணு வாசல் இருக்குல்ல, போதும்னீக."

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. மறந்ததே இல்லை. விரிசல் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மேற்கு வாசல் வழியாக வெயில் நேராக அந்த ரூமுக்குள் இறங்கியது. பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மருந்து செலுத்துவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதவை வெளியே கொண்டி போட்டுக்கொள்ளட்டுமா என்று இந்த அம்மாள் கேட்டார், நான் தலையாட்டினேன். இரண்டு வாரம் கழித்து, சாயங்கால நேரத்தில் அந்த ரூம் வெடித்தது. பேச்சியம்மாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் பிழைத்தார். உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருவர் அவருடைய நாத்தனார்.

"மூணு பேரும் மேலவாசப் பக்கம்தான் கெடந்தாக" என்றார். "மத்த வாசலுக்கு நெருப்பு குறுக்க நின்னுருக்கும். அது ஒண்ணுதான் வழி. அதத்தான் தள்ளிப் பாத்துருப்பாக."

வெடித்த வேகத்தில் கதவும் கொண்டியும் பிய்ந்து எங்கேயோ போய் விழுந்துவிட்டன. அது அடைத்திருந்ததா திறந்திருந்ததா என்று விசாரணைக்காரர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அவர் மறந்திருப்பார் என்று நானும், நான் மறந்திருப்பேன் என்று அவரும் இருபது வருஷம் இருந்திருக்கிறோம். பிளானில் குறை இல்லை என்கிற காகிதத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவன் நான். அந்த அம்மாள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே முதலாளியிடம் போனேன். மேற்குக் கண்ணாடியை எடுத்துவிட்டு மூன்று வாசல் வைக்க வேண்டும், எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், குடில்களிலும் இரண்டாவது வாசல் வேண்டும் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறீர்களே மாமா என்றார். பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது, அந்தக் கண்ணாடியைப் போட்டோ எடுத்துத்தான் விளம்பரமே செய்திருக்கிறது. பயமாக இருந்தால் அந்தப் பெண்கள் போகட்டும், மதுரையில் சொன்னால் நாளைக்கே ஆள் வரும் என்றார். அவர் சொன்னதில் பிசகு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாற்பது பேரும் போவதென்றால் எங்கே போவார்கள்? சீசன் சூடு பிடித்திருந்த நேரம். எந்தப் பயராபீஸும் இருகை நீட்டி அழைத்துக்கொள்ளும். மறுநாளே மருந்து ரூமில் உட்கார்ந்திருப்பார்கள்.

வேறு வழி இல்லாமல், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். கொண்டி போடச் சொல்லித் தலையாட்டியதைச் சொன்னேன்.

"இத ஏன் மாமா இப்பச் சொல்லுதீக? யாருமே கேக்கலியே."

"நான் ஒருக்க மேலவாசல அடைச்சேன். இப்பம் வாசலே இல்லாமப் பண்ணிட்டேன். வாசல் எதுக்குன்னு தெரியாம இல்ல, தெரிஞ்சேதான். அழகா இருந்துச்சுன்னு பண்ணுனேன்."

அவர் எழுந்து ஹாலுக்குப் போனார். கண்ணாடி முன்னால் நின்று, கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். ஹாலை இப்போதே செய்யுங்கள், குடில்களை ஒரு மாதத்துக்குள் செய்வோம், அதுவரை அவற்றைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். என்னோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம்தான்.

எப்படிக் கண்ணாடியை இறக்கினோம், ஐந்து நாளில் எப்படிச் சட்டம் வைத்தோம் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். என் வாழ்க்கையிலேயே அழகான ஒன்றை நானே அறுத்துப் போட்டேன். இப்போதும் அங்கே போட்டோ எடுக்கிறவர்கள், சூரியனுக்குக் குறுக்கே இத்தனை தடித்த சட்டத்தை எந்தப் புத்திசாலி வைத்தான் என்று திட்டுகிறார்களாம்.

உங்களுக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். வெயில் அடிக்கிறது, தூசி வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான் என்று யாராவது ஒரு வாசலை அடைத்துக்கொள்ளட்டுமா என்று உங்களிடம் கேட்பார்கள். கேட்கிறவர்மேல் தப்பில்லை, அவருக்கு அந்த நேரத்துக் கஷ்டம். தலையாட்டும் உரிமை உங்களுக்குக் கிடையாது. வெயிலுக்கு ஒரு தட்டியை வெளியே தள்ளிக் கட்டச் சொல்லியிருந்தால் போதும், அன்று எனக்கு அது தோன்றவில்லை. கட்டி முடித்த பிறகு ஆட்கள் அதில் எப்படி உட்காருகிறார்கள் என்று நின்று பாருங்கள். உட்காராமல் விட்ட இடத்தையும் பாருங்கள்.

திறப்பு விழாவன்று சாயங்காலம்தான் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. நாலு மணிக்குப் பேச்சியம்மாளும் மற்றவர்களும் ஹாலுக்கு வந்தார்கள். முதலாளியும் நானும் உள்ளே நின்றிருந்தோம். புது வாசல்களைக் காட்டலாம், நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று எனக்கு ஒரு அற்ப ஆசை இருந்தது.

பேச்சியம்மாள் நேராக மேற்கே போனார். நடு வாசலைத் தள்ளினார். கதவு வெளியே திறந்துகொண்டது, வெயில் ஹாலின் நடுவரை வந்து விழுந்தது. அவர் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். யாரும் சொல்லாமலே மற்றப் பெண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, சுவரோரம் நகர்ந்தார்கள். சேலையை இழுத்து ஒடுக்கிக்கொண்டார்கள். ஹாலின் நடுவிலிருந்து அந்த வாசல் வரைக்கும் ஒரு ஆள் வெளியே போகிற அகலத்துக்கு வழி விட்டு நின்றார்கள். எல்லாருடைய கண்ணும் தரையைப் பார்த்திருந்தது.

வெயிலில் கண் கூசியது. காற்று அசையவில்லை. முதலாளி என் காதருகே ஏதோ கேட்க வந்தார், நான் அவர் கையை அழுத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் ஐந்து வேளை தொழுகிறவன். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன். அந்த ஹாலில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பேச்சியம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், அந்த வழிக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒதுங்கிக்கிடுங்க பாய்" என்றார் மெதுவாக.

நான் சுவரோரமாகப் போய் ஒதுங்கி நின்றேன்.